உடுப்பிட்டி வண்டியின் பின் அக்சில்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அதன் சொந்தச் சில்லே கழன்று உருண்டு முந்திக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கடற்கரையோரக் கொழும்புத்துறையில் இருந்து அரியாலைப் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். சூசையின் பழைய பிக்கப். பின்னால் ஐஸ் போட்ட நண்டுப் பெட்டிகள், முன்னால் சூசையும் நானும். திடீரென்று பின்பக்கம் இரும்பு முறியும் ஒரு சத்தம். வண்டி என் பக்கமாகச் சாய்ந்து தார் ரோட்டைக் கிழித்துக்கொண்டு இழுபட்டது. யன்னலுக்கு வெளியே பார்க்கிறேன்... ஒரு சில்லு, தன்பாட்டில், அவசரமே இல்லாமல் எங்களைத் தாண்டி உருண்டுபோய் ஒரு வேலியடியில் விழுந்து படுத்தது.

"உது எங்கடை சில்லு" என்றான் சூசை.

இரண்டு பெட்டி கவிழ்ந்து நண்டுகள் ரோட்டில் நடக்கத் தொடங்கின. நண்டு ரோட்டில் நடந்தால் சனம் கூட எவ்வளவு நேரமாகும்? நல்ல மனுசர் பலர் குனிந்து பொறுக்கித் தந்தார்கள். பொறுக்கிய நண்டெல்லாம் பெட்டிக்குத்தான் திரும்பியது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

சூசை அதையெல்லாம் பார்க்கவில்லை. மதகில் போய் உட்கார்ந்து, சில்லில்லாத பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சூசையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். கொழும்புத்துறைக்காரன், கத்தோலிக்கன். முன்பு தானே கடலுக்குப் போனவன். முதுகு ஒத்துழைக்க மறுத்த பிறகு, கரைக்கு வரும் நண்டை வாங்கி ஏற்றுமதிக் கொம்பனிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதற்குத்தான் அந்தப் பிக்கப். சனிக்கிழமைகளில் நானும் ஏறிக்கொள்வேன். எனக்கு நல்ல நண்டு, அவனுக்குப் பேச்சுத்துணை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு விஷயம் தட்டுப்பாடாகும்போது அவன்தான் பலதடவை கைகொடுத்திருக்கிறான், அவனுக்கே தெரியாமல்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு குகனின் கராஜுக்குப் போனோம். குகன் எங்கள் பகுதி மெக்கானிக். கீழே படுத்து உள்ளே போனவன், நீண்ட நேரம் வெளியே வரவில்லை.

"உள்ளுக்கை சுத்துற தண்டு முறிஞ்சிட்டுது, சூசையண்ணை. அதுதான் சில்லோடை கழண்டு போயிருக்கு. அது பெரிய வேலை இல்லை. ஆனா இஞ்சை வந்து பாருங்கோ."

தண்டை மூடியிருக்கும் இரும்புக் குழாயை ஸ்பானரால் தட்டினான். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பாரத்தைத் தாங்கும் வில்லுத்தட்டு உட்காரும் இடத்தில் ஒரு வெடிப்பு, விரல்நகம் நுழையும் அளவுக்கு.

"வருசக்கணக்கா நண்டுத் தண்ணி மேலை இருந்து வடிஞ்சிருக்கு. உப்புத்தானே... திண்டிட்டுது."

"ஒட்டினா நிக்காதோ?" என்றான் சூசை.

"சும்மா நிக்கும். பாரம் ஏத்தி ஓடினா நிக்காது. அடுத்த முறை சில்லோடை மட்டும் போகாது, அண்ணை. தண்டு, குழாய் எல்லாம் சேத்துப் பின் அக்சில் முழுசா மாத்தத்தான் வேணும்."

சரி, மாற்றுவோம். எங்கே கிடைக்கும்? அங்கேதான் பிரச்சினை. அந்த மொடல் வண்டிகள் ஊரில் அனேகமாக இரும்புக்கடைக்குப் போய்விட்டன. குகன் தெற்கே கொழும்பிலே பழைய சாமான் விற்கும் இடங்களுக்கெல்லாம் போன் எடுத்தான். ஒரு இடத்தில் இருந்து படம் அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தால், அதிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு.

கராஜுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே புத்திமதிதான் சொன்னார்கள். வித்துப்போட்டு வேறை எடு. இந்த நாட்டில் இன்றைக்கு ஒரு வாகனம் எடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சொன்னவர்களும் சைக்கிளில் வந்தவர்கள்தான்.

நண்டு காத்திருக்கிற சாமான் இல்லை. முதலில் ஓட்டோ பிடித்துச் சமாளித்தான் சூசை. பெட்டிகள் கொள்ளவில்லை, ஐஸ் தாங்கவில்லை. கரையில் இருந்தவர்கள் தயங்கித் தயங்கி வேறு ஆளுக்கு நண்டைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பிழை இல்லை. அவர்கள் வீட்டிலும் உலை வைக்கவேண்டும். ஆனால் ஒருதரம் கைமாறிய தொழில் திரும்பக் கைக்கு வருவது கஷ்டம் என்பது சூசைக்குத் தெரியும். ஒருநாள் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனபோது, வெறும் பெட்டிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தான். அவை ஏற்கெனவே கழுவிய பெட்டிகள்.

அப்போதுதான் குகன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"உடுப்பிட்டியில ஒரு வண்டி நிக்குது. இதே மொடல். உப்புத்தண்ணி படாத வண்டி. ஆனா அந்த அக்கா தரமாட்டா. முந்தி ஒருத்தருக்காகக் கேட்டு நல்லா ஏச்சு வாங்கினனான்."

"ஏன் தரமாட்டா?"

"வந்து பாருங்கோவன்."

குகனின் வானில் மூன்று பேரும் போனோம். படலையைத் திறந்தது ஒரு இளம்பெண். கீர்த்தி என்று பெயர். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று குகன் சொல்வதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அம்மா தரமாட்டா, அண்ணா" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "நானும் கேட்டுப் பாத்திட்டன். நான் அந்தக் கதை எடுத்தா அண்டைக்கு அவ சாப்பிடமாட்டா. உங்களோடை கோவிச்சாலும் குறை நினையாதேங்கோ."

வளவின் ஒரு பக்கத்தில் தகரக் கொட்டில். மூடியிருந்த தறப்பாளை ஒதுக்கிவிட்டு ஒரு பெண் பிக்கப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வதனி. நாற்பத்தைந்து வயதிருக்கலாம். நெற்றியில் குங்குமம்.

நான் பல வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். நின்ற இடத்தை விட்டு அசையாமல் இவ்வளவு துப்புரவாக இருந்த வண்டியைக் கண்டதில்லை. ரயர்களுக்குக் காற்று இருந்தது. பெயின்ற் மங்கியிருந்தாலும் ஒரு தூசி இல்லை.

கதிரை போட்டார். கீர்த்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். குகன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை வதனி குறுக்கே பேசவில்லை. பிறகு அவனைப் பார்த்துக் கேட்டார்.

"குகன், உமக்கு எல்லாம் தெரியும்தானே. தெரிஞ்சும் ஏன் உவையைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

குகன் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்கள் இருவருக்கும்தான் தெரியாது. அவரே சொன்னார். கணவர் சிவரூபன். தோட்டங்களில் மரக்கறியும் வாழைக்குலையும் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும் தொழில். கையில் மிச்சம் நின்றதில்லை. அந்த நேரம் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளையின் படிப்பும் வீடும் சரி என்று அவரும் வெளிக்கிட்டார். கீர்த்தி அப்போது முதலாம் வகுப்பு.

"கடலைக் கண்டா கால் நனைக்கவும் பயப்பிடுற மனுசன். நாங்கள் தோட்டக்காறர்தானே, எங்களுக்கென்ன கடல் தெரியும்? வண்டியை இதிலை விட்டிட்டுத் திறப்பை என்ரை கையிலை தந்தவர். போட்டிலை ஏறப்போறம், போய்ச் சேந்து எடுக்கிறன் எண்டு போன் எடுத்தவர். அதுதான் கடைசி. அந்தப் போட்டிலை போன ஒருத்தரின்ரை வீட்டுக்கும் ஒரு கதையும் இல்லை."

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வதனி அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறார். அவருக்கு ஓட்டத் தெரியாது. திறப்பைத் திருப்பி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்துவார். பற்றரி செத்தால் குகனைக் கூப்பிட்டு மாற்றுவார்.

"அவர் வந்து வண்டி எங்கை எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? பின்பக்கத்தைக் கழட்டிக் குடுத்திட்டன் எண்டோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

சூசைதான் எழும்பினான்.

"குடுக்கவேண்டாம், தங்கச்சி. அது அப்பிடியே நிக்கட்டும். வாங்கோ அண்ணை, போவம்" என்று என்னையும் எழுப்பினான்.

படியில் இறங்கியவன் நின்றான். ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

"என்ரை தம்பியும் கடல்லை போனவன்தான்."

வதனி நிமிர்ந்தார். "வந்தவரோ?"

"உடம்பு வந்தது. கரை ஒதுங்கினது."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"ஓம். நான்தான் தூக்கினனான்."

"அதுக்குப் பிறகு என்ன செய்தனீங்கள்?"

சூசைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். "அடக்கம் பண்ணினம். அடுத்த கிழமை நான் தொழிலுக்குப் போனன்."

"அடுத்த கிழமையோ?"

"ஓம். அவன்ரை பிள்ளையளும் இருந்ததுகள், என்ரையளும் இருந்ததுகள்."

படலை வரைக்கும் வந்து விடைதந்தது கீர்த்திதான்.

திரும்பி வந்துகொண்டிருந்தோம். எனக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. செத்த வீட்டுக்கு நம்மிடம் எல்லா ஒழுங்கும் இருக்கிறது. அழுவதற்கு ஒரு நாள், சாம்பல் கரைக்க ஒரு நாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருடம் முடிய ஆட்டைத்திவசம். வெளிநாடு போனவர் வீட்டுக்கும் ஒழுங்கு இருக்கிறது. போன், படம், விசா எப்போது என்ற கேள்வி. இரண்டும் இல்லாதவளுக்கு? அவள் என்ன செய்வது என்று எந்தப் பெரியவர் எங்கே சொல்லி வைத்திருக்கிறார்? அவளாகவே ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டியதுதான். வெள்ளிக்கிழமை எஞ்சினை ஓடவிடலாம். கண்ணாடியைத் துடைக்கலாம்.

சூசை வண்டியைக் கைவிடும் முடிவுக்கு வந்துவிட்டான். இரும்புக்குப் போட ஆள் பார்க்கச் சொன்னான். அந்தக் கிழமை முடிவதற்குள் குகனுக்கு ஒரு போன் வந்தது. வதனி. சூசையுடன் கதைக்கவேண்டும் என்றாராம். சூசை கராஜுக்கு ஓடிப்போய்ப் போனை வாங்கிக் காதில் வைத்திருக்கிறான். அவர் சொன்னதை அன்றைக்கே எனக்கு ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தான்.

"அடுத்த கிழமை தொழிலுக்குப் போனனான் எண்டு சொன்னீங்கள், அண்ணை. அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். வந்து கழட்டுங்கோ. ஆனா ஒரு விஷயம். என்ரை வண்டி பின்பக்கம் இல்லாமல் கட்டையிலை நிக்கக்கூடாது. உடைஞ்சதெண்டாலும் பரவாயில்லை, உங்கடையைக் கொண்டுவந்து போட்டுவிடுங்கோ. நாலு சில்லிலை நிக்கவேணும்."

குகன் வெடித்த குழாயைச் சுத்தம் செய்து ஒட்டினான். பாரம் ஏற்றாமல் சும்மா நிற்கத்தானே. சில்லில்லாத பக்கத்துக்கு ஒரு பழைய தண்டும் தேடிப் பிடித்தான். ஓடாத ஒரு வண்டிக்கு இவ்வளவு கவனமாக வேலை செய்த மெக்கானிக்கை நான் கண்டதில்லை. துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயின்றும் அடித்தான்.

"ஆர் பாக்கப்போயினம், குகன்?" என்று கேட்டேன்.

"அவ குனிஞ்சு பாப்பா" என்றான்.

அக்சிலை மாற்றும் நாள் நானும் போனேன். வதனி கொட்டிலுக்கு முன்னால் நின்றார். ஜக் போட்டு பின்பக்கத்தை உயர்த்தியதும் அவர் ஒரு கையால் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார், பயந்த பிள்ளையை ஊசிபோடும்போது பிடிப்பதுபோல. சில்லுகள் கழன்று வந்தன. வில்லுத்தட்டின் போல்ட்டுகள் இறுகிப்போய்க் கிடந்தன. ஒவ்வொன்றும் கழலும்போது வந்த கிறீச்சிடலுக்கு அவர் கண்ணை மூடித் திறந்தார். அக்சில் கீழே இறங்கியதும், வண்டியின் அடியில் வெறும் வெளிச்சம் தெரிந்தது.

"குகன்" என்று கூப்பிட்டார். "மாத்தின பிறகு ஸ்டார்ட் வருமோ?"

"எஞ்சின் ஓடும், அக்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா வண்டியை எடுத்து ஓட ஏலாது."

"இவ்வளவு நாளும் ஓடினதோ? ஓடாட்டிப் பரவாயில்லை."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கிணற்றடியில் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் கேட்டது. கீர்த்தி தாயிடம் போகவில்லை. கொட்டில் மரத்தில் சாய்ந்து, கழற்றி வைத்த அக்சிலைப் பார்த்துக்கொண்டு அழுதாள். தகப்பனின் முகம் தனக்கு ஞாபகமில்லை, வண்டியின் பின்னால் வாழைக்குலைகளுக்கு நடுவில் இருந்து போனது மட்டும்தான் ஞாபகம் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

சூசையின் பழைய அக்சிலைப் பூட்டி இறக்கியபோது வண்டி ஒரு பக்கம் சற்றுப் பதிந்து நின்றது. வதனி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். விறாந்தையில் நின்று பார்த்தார்.

"இடப்பக்கம் பணிஞ்சிருக்கு."

குகன் மறுபடி ஜக் போட்டான். ஒரு தகடு சீவி வில்லுத்தட்டின் கீழே வைத்தான். இறக்கினான்.

"இப்ப சரி" என்றார்.

விலை பேசும் பேச்சைச் சூசை எடுத்தான். அதை அவர்கள் இருவரும் கிணற்றடியில் நின்று தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அக்சிலை வானில் ஏற்றிய பிறகு வதனி சூசையிடம் வந்தார்.

"அண்ணை, உங்கடை கோயில்லை செத்த ஆக்களின்ரை பேர் வாசிச்சுப் பூசை வைக்கிறவையாம். உண்மையோ?"

"ஓம், தங்கச்சி."

"எங்கடை ஐயரிட்டைப் போனா திதி என்னெண்டு கேப்பார். எனக்குத் திதி தெரியாது. இவரின்ரை பேரையும் ஒருக்கால் வாசிக்கச் சொல்லுவியளோ? ஆனா செத்தவர் எண்டு சொல்லக்கூடாது. பேரை மட்டும்."

செத்தவர்களின் பூசையில் பெயரை வாசிக்கவேண்டும், ஆனால் செத்தவர் என்று சொல்லக்கூடாது. எந்தப் பாதரிடம் போய் இதைக் கேட்பது? சூசை தலையைச் சொறிந்தான். "கதைச்சுப் பாக்கிறன், தங்கச்சி" என்றான்.

உடுப்பிட்டி அக்சில் சூசையின் வண்டியில் ஏறியது. குகன் ஓயில் சீல்களை மாற்றி, பிரேக் சரிபார்த்து, ஓடவிட்டுத் தந்தான். பின்பக்கம் சத்தமே இல்லை. நண்டுத் தண்ணீர் வடியாமல் இருக்க, பெட்டிகளுக்குக் கீழே ஒரு தகரத் தட்டும் அடித்திருக்கிறான் சூசை. கைமாறிப் போன நண்டில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. மிச்சமும் வரும் என்கிறான். வரவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் கோயிலுக்கு வரச்சொன்னான். நான் சைவ சமயத்தவன். பின்வரிசையில் நின்றேன். பக்கத்தில் வதனியும் கீர்த்தியும். முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று எங்கள் மூவருக்குமே தெரியவில்லை. முன்னால் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து எழும்பினோம், இருந்தோம்.

கரையோரக் கோயில் அல்லவா... மன்றாட்டு நேரத்தில் கடலில் தொழில் செய்கிறவர்களுக்காகவும் மன்றாடுவது அங்கே வழக்கம். ஒரு பெண் எழுந்துபோய் வாசித்தார். "இந்த நேரம் கடலில் இருக்கும் எங்கள் சகோதரர்களுக்காகவும், உடுப்பிட்டியைச் சேர்ந்த சிவரூபனுக்காகவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகின்றோம்."

கோயில் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. வதனிக்கு அந்தப் பதில் தெரியாது. மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு அவருடைய உதடுகள் அசைந்தன. கீர்த்தி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வதனி அழவில்லை. பூசை முடிந்து எல்லாரும் வெளியே போன பிறகும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கீர்த்தி சொல்லும்வரை, அந்த இடத்திலேயே இருந்தார்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வரும்போது நான் சூசையிடம் கேட்டேன். "செத்த ஆக்களின்ரை பேரோடை சேர்க்கச் சொல்லித்தானே அவ கேட்டவ. நீ ஏன் மாத்தினனீ?"

"அதிலை சேத்தா, அவவுக்காகப் பாதர் பொய் சொல்லவேணும். இல்லாட்டி அவவின்ரை முகத்துக்கு நேரை உண்மையைச் சொல்லவேணும்." சூசை கரைப் பக்கம் பார்த்தான். "இதிலை பொய் ஒண்டும் இல்லையே, அண்ணை. ஆள் கடல்லைதானே."